பலாப் பலகையும் நீ தூக்கிப் போன ரவுட்டரும்

தம்பி,

நலமா என்று கேட்கப் போவதில்லை. இன்று காலை சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாம் பாலத்து மோட்டார் சைக்கிள் வரிசையில் நின்றபடி படம் எடுத்துப் போட்டிருந்தாய், அதில் பல் தெரியச் சிரிக்கிறாய், நலமாகத்தான் இருக்கிறாய். அம்மாவும் நலம். புருவத்துக்கு மேல் போட்ட தையலைப் பிரித்தாகிவிட்டது. இந்தக் கடிதத்தை உனக்குத் தனியாக அனுப்பாமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. தனியாக அனுப்பினால் முதல் வரியைப் படித்துவிட்டு, கைகூப்பும் ஸ்டிக்கர் ஒன்றைத் தட்டிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். குழுவில் போட்டால் உன் அத்தை கடைசி எழுத்துவரை படிப்பாள். படித்துவிட்டு உனக்கு போன் செய்து, நீ படித்தாயா என்றும் கேட்பாள். எனக்கு அது போதும்.

விஷயம் இதுதான். என் ரவுட்டர் கெலாங் பாத்தாவில் உன் வீட்டு ஸ்டோர் அறையில் இருக்கிறது. அது எனக்கு வேண்டும். குழுவில் உள்ள மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், ரவுட்டர் என்றால் இணையம் வரும் பெட்டி இல்லை. இரண்டு கையாலும் பிடித்து மரத்தைக் குடையும் இயந்திரம். அடியில் பிட் என்கிற வெட்டுமுனை சுழலும். அதை வைத்து மேடு பள்ளமான பலகையைச் சமமாக்கலாம், பூ வடிவத்திலோ இலை வடிவத்திலோ குழி எடுத்து அதில் வேறு நிற மரத்தைப் பதிக்கலாம். நான் ஓய்வு பெற்ற பிறகு வாங்கியது அது. வாங்கப் போனபோது ஹார்ட்வேர் கடை முதலாளி தவுக்கே என்னைத் தாண்டி வாசலைப் பார்த்து, அங்கிள் வரவில்லையா என்று கேட்டார். அங்கிளுக்கு ஆணி அடிக்கவே வராது என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். முன்பின் தெரியாத அந்த மனிதருக்கு இருந்த நம்பிக்கை நான் பெற்ற பிள்ளைக்கு இல்லை என்பதை நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

எப்படி ஆரம்பித்தது என்று முதலில் இருந்து சொல்கிறேன், ஏனென்றால் நீ எதையும் முதலில் இருந்து பார்ப்பதில்லை. பண்டார் தெங்காராவில் உன் பெரியப்பா வீட்டுப் பலாமரம், வேர் போய் வாசல் சாக்கடையைத் தூக்கிவிட்டது என்று வெட்டினார்கள். பழத்தை எல்லாம் ஆளுக்கொன்றாகக் கொண்டு போனீர்கள், மரத்தை யாரும் சீந்தவில்லை. நான்தான் பெரியப்பாவிடம் சொல்லி அடிமரத்தைப் பலகையாக அறுத்து வாங்கி வந்து, நம் கார் போர்ச் சுவரோரம் காய வைத்தேன். காரை உள்ளே விடும் ஒவ்வொரு முறையும் உன் அப்பா அதைத் திட்டுவார். அதில் ஒரு பலகை நல்ல மஞ்சள், நல்ல அகலம். கல்யாணம் நிச்சயமான பிறகு ஒரு நாள் தேவி அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அம்மா, மண்டபத்துல வெல்வெட் சோபா போடுறேன்னு சொல்றாங்க, எனக்கு அது வேணாம்மா. இதுல ஒரு மணை செஞ்சு குடுங்க, நாங்க ரெண்டு பேரும் அதுல உக்காந்து தாலி கட்டிக்கிறோம். முடிஞ்சதும் பினாங்குல எங்க வீட்டுக்கே தூக்கிட்டுப் போயிருவேன்" என்றாள். உன் தங்கை என்னிடம் எதையும் கேட்டு வாங்குகிற பெண் இல்லை என்று உனக்கே தெரியும். நீ கேட்டு வாங்கியதில் பாதியைக்கூட அவள் கேட்டதில்லை.

பலகை காய்ந்தால் அப்படியே நேராக இருக்கும் என்று நினைக்காதே. பொரித்த அப்பளம் மாதிரி ஒரு மூலை மேலே, ஒரு மூலை கீழே என்று முறுக்கிக்கொண்டு நின்றது. எனக்குத் தெரிந்த பட்டறைகளில் அவ்வளவு அகலப் பலகை நுழைகிற இயந்திரம் இல்லை. ரவுட்டரால்தான் செய்ய வேண்டும். பலகைக்கு இரு பக்கமும் நேரான இரண்டு மரச்சட்டங்களை வைத்து, அவற்றின் மேல் ஓடுகிற மாதிரி ஒரு சறுக்குப் பெட்டி செய்து, அதில் ரவுட்டரை உட்கார வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டே போனால், மேடாக இருப்பதை எல்லாம் அது சீவிக்கொண்டே வரும். ஆனால் அந்த இரண்டு சட்டங்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நம் போர்ச் தரை, மழைத்தண்ணீர் கேட் பக்கம் ஓடுவதற்காக ஒரு மூலையில் சரிந்திருக்கிறது. அதனால் மூலைக்கு மூலை குறுக்கே நூல் கட்டிப் பார்த்து, இரண்டு நூலும் நடுவில் தொட்டும் தொடாமலும் நிற்கும்வரை சட்டத்துக்கு அடியில் அட்டைத் துண்டுகளை மடித்து மடித்து வைத்தேன். முட்டி வலிக்கத்தான் செய்தது, மறைக்கவில்லை. ஆனால் சீவி முடித்த பக்கம் கீழே இருக்கும்படி பலகையைத் தரையில் வைத்து ஒரு மூலையை அழுத்தினேன், மற்ற மூலை அசையவே இல்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை உனக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

அதற்கு மேல்தான் நான் சறுக்கினேன். மொட்டையாக ஒரு மணை எதற்கு, மங்களமாக ஏதாவது பதிக்கலாம் என்று யோசித்து, ஐந்து முகக் குத்துவிளக்கு ஒன்றை வரைந்தேன். பலகை நடுவில் அதே வடிவத்தில் குழி எடுத்து, ஓரத்தை உளியால் சீவி, வெளிறிய ரப்பர் மரத்தில் விளக்கை அறுத்து, அந்தக் குழியில் இறக்கிப் பார்த்தேன். அளவு அவ்வளவு சரியாக வந்தது, நகத்தை விட்டால்கூட நுழையாது. பசை போடுவதற்கு முன்னால் படம் எடுத்து இதே குழுவில் போட்டேன். எத்தனை பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். நீயும் காட்டினாய், கூடவே கை தட்டும் பொம்மை ஒன்று. அடுத்த நாள் உன் அத்தை மட்டும் நேரில் வந்தாள். பலகையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "வெளக்கு ரொம்ப நல்லா இருக்கு அண்ணி. ஆனா அதுமேல எப்படி அண்ணி உக்காருவாங்க?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டு கேட் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். தினமும் சாயங்காலம் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள் நான், கல்யாணப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் விளக்கின் மேல் உட்கார வைக்கத் திட்டம் போட்டிருக்கிறேன். குழி சரியாக வருகிறதா, ஓரம் பிசிறில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்ததில், அது எதற்கான பலகை என்பது மண்டையில் ஏறவே இல்லை. வேலையில் மூழ்கிப் போகிறவர்கள் செய்கிற தப்பு இது, நீயும் செய்வாய், எழுந்து நாலடி தள்ளிப் போய்ப் பார்க்கப் பழகிக்கொள். ஆனால் என் கோபம் என்மேல் மட்டும் இல்லை. கட்டைவிரல் காட்டிய அத்தனை பேரும் படத்தைப் பார்த்தீர்களா, இல்லை பார்க்காமலே காட்டினீர்களா? அத்தையிடம் கேட்டேன், குழியை அப்படியே விட்டால் தோஷமா என்று. விளக்கை எடுத்துவிட்டால் வெறும் பள்ளம்தானே அண்ணி, பள்ளம் சாமி ஆகாது என்றாள். விளக்கை எடுத்து சாமி அறைக் கதவில் மாட்டிவிட்டேன். குழி ஆழமாக இருந்தது, அது மறைகிற அளவுக்குச் சீவினால் பலகை மெலிந்துவிடும், நம் மாப்பிள்ளையும் ஒன்றும் ஒல்லி இல்லை. ஆகவே பலகையைப் புரட்டிப் போட்டு, முறுக்கலாகவே விட்டிருந்த அடிப்பக்கத்தை மேல்பக்கம் ஆக்குவது என்று முடிவு செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ உதவி செய்ய வந்தாய். உன் உதவியைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். உன் புது வீட்டுக் கட்டிலை நீயே பூட்டினாய், மிச்சமான திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தாய், அந்தக் கட்டில் இன்றுவரை கிறீச்சிடுகிறது என்று உன் மனைவி சொல்கிறாள். வாசலில் செருப்பு வைக்கிறீர்களே, அந்த அலமாரி ஆடுகிறதா? அது நான் செய்தது. சரி, அன்றைக்கு வந்தாய், விளக்குமாற்றை எடுத்தாய், போர்ச்சைப் பெருக்குகிறேன் என்று சட்டத்துக்கு அடியில் இருந்த அட்டைத் துண்டுகளைக் குப்பை என்று உருவிப் போட்டாய். அலமாக் என்று தலையில் அடித்துக்கொண்டு, நூல் கட்டி மறுபடி எல்லாவற்றையும் வைத்தேன். நான் அதில் இருந்தபோது, "குடுங்கம்மா, இந்த பிட்ட நான் மாத்துறேன்" என்று ரவுட்டரை வாங்கி, பிட்டை மாட்டி, கையாலேயே திருகி வைத்துவிட்டாய். இரண்டு ஸ்பேனரும் பக்கத்திலேயே கிடந்தன. ஒன்று பிடிக்க, ஒன்று இறுக்க. கையால் இறுக்கினால் ஓட ஓட பிட் நழுவி இறங்கும். அதுதான் நடந்தது. பாதிப் பலகை ஒழுங்காகச் சீவி வந்தேன், திடீரென்று பிட் கீழே இறங்கி, பலகையில் வளைந்து ஒரு பள்ளம் பறித்தது. தெறித்த மரச்சில்லு என் புருவத்துக்கு மேல் கிழித்தது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. இதை இத்தனை நாளும் நான் யாரிடமும் சொல்லவில்லை. இயந்திரத்தை ஓட்டுகிற கைதான் கடைசியாகச் சரிபார்க்க வேண்டும், நான் பார்க்காதது என் தப்பு. ஆனால் அம்மாவுக்கு வயதாகிவிட்டது, கை நழுவிவிட்டது என்று நீ சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதைக் கேட்ட பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கிளினிக்கில் நடந்ததையும் சொல்கிறேன். ரத்தத்தைப் பார்த்து நீ பயந்து போனாய், அது எனக்குத் தெரியும். தையல் போடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் கை அப்படி நடுங்கியது. என் கை சும்மா இருந்தது. அந்த மலாய் நர்ஸ் என்னை விட்டுவிட்டு உன்னைப் பார்த்து, "டுடுக் டுலு, அபாங்" என்று சொல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள், நீ விழுந்துவிடுவாய் என்று பயந்து. முதலில் உட்காருங்கள் அண்ணா என்று அவள் யாரிடம் சொன்னாள் என்று யோசித்துப் பார். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நான் எத்தனையோ வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடி மாதிரிக் கம்பியைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தவள். அந்தச் சம்பளத்தில்தான் நீயும் தேவியும் படித்தீர்கள். என் கண்ணுக்கு இப்போது கூடுதல் வெளிச்சம் வேண்டியிருக்கிறது, முட்டி மடங்க மறுக்கிறது, பலகையைத் தனியாகத் தூக்க முடிவதில்லை, எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். என் கையைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்லக்கூடாது.

வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் நீயும் உன் அப்பாவும் ரவுட்டரைத் தூக்கிக் காரில் வைத்துவிட்டீர்கள். அது இருந்த இடத்தில் ரிப்பன் கட்டிய பெரிய பெட்டி ஒன்று. உள்ளே கால் மசாஜ் செய்யும் இயந்திரம். போனில் உன் செய்தி: "அம்மா, ரவுட்டர் என்கிட்ட பத்திரமா இருக்கு. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம். வாடகைக்கு ஒரு மணை பாத்துட்டேன். நீங்க ரெஸ்ட் எடுங்க." உன் அப்பாவைக் கேட்டேன். "அவன் சொன்னான், நான் ஒரு பக்கம் பிடிச்சேன், அவ்வளவுதான்லா" என்று பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார். இப்போது அந்த மசாஜ் இயந்திரத்தில் காலை வைத்துக்கொண்டு அவர்தான் தூங்குகிறார். எனக்கு வலிப்பது கால் இல்லை என்று உங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், உண்மைதான். சண்டை போட்டுவிட்டு எடுத்துப் போயிருக்கலாம். நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் பூனை மாதிரி வந்து எடுத்துப் போனதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். அடிபட்ட மறுநாள் நான் போர்ச்சில் போய் நின்றேன். ரவுட்டரின் பிடியில் கை வைத்தேன். பிளக்கைச் சொருகவில்லை. அந்தச் சத்தத்தை நினைத்ததும் கையை எடுத்துவிட்டேன். பயம்தான், வேறு பெயர் கிடையாது. நாளைக்கு ஓட்டலாம், தையல் பிரித்ததும் ஓட்டலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். பயந்த இயந்திரத்தை ஒரு தடவையாவது மறுபடி ஓட்டிப் பார்க்காமல் விட்டால், அந்தப் பயம் கையிலேயே தங்கிவிடும். கல்யாணம் முடிந்த பிறகு நீ திருப்பிக் கொடுத்தாலும் நான் அதைத் தொட மாட்டேன், துணியைப் போட்டு மூடி வைத்துவிடுவேன். அதற்கப்புறம் நான் நீ சொல்கிற மாதிரி ஒரு கிழவிதான். எனக்கு அது வேண்டாம்.

இது என் புத்தியில் உதித்தது இல்லை, நீ சொல்லிக் கொடுத்தது. சிங்கப்பூர் துவாஸில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மழை பெய்த ஒரு காலையில் பாலத்துக்குப் போகும் வழியில் சறுக்கி விழுந்தாய், நினைவிருக்கிறதா? முழங்கையிலும் முட்டியிலும் தோலே இல்லாமல் வந்து நின்றாய். அன்றைக்கே நான் மோட்டார் சைக்கிள் சாவியைப் பருப்பு டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். அதை விற்றுவிடலாம், பஸ்ஸில் போகட்டும் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். காயம் காய்ந்தும் காயாமலும் ஒரு விடியற்காலையில் சமையலறையில் வந்து நின்று கையை நீட்டினாய். "அம்மா, சாவி. இப்ப ஓட்டலன்னா நான் அப்புறம் ஓட்டவே மாட்டேன்மா" என்றாய். நான் உன்னைத் திட்டினேன், அழுதேன், கடைசியில் டப்பாவைத் திறந்து பருப்புக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தேன். உன் சத்தம் தெருமுனை தாண்டும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து இன்றுவரை மழை பெய்கிற ஒவ்வொரு காலையும் எனக்கு எப்படி விடிகிறது என்று உன்னிடம் சொன்னதில்லை, சொல்லியும் நீ போவதை நிறுத்தப் போவதில்லை. நீ கேட்டாய், நான் கொடுத்தேன். இப்போது நான் கேட்கிறேன்.

ஆகவே சனிக்கிழமை காலை நீ வருகிறாய். ரவுட்டரைக் கொண்டு வா, இரண்டு ஸ்பேனரையும் மறக்காமல் கொண்டு வா. மசாஜ் இயந்திரத்தைத் திருப்பித் தர முடியாது, உன் அப்பா விட மாட்டார். பலகையைத் தூக்கிச் சட்டத்துக்கு நடுவில் வைக்க நீ வேண்டும், அதற்குப் பிறகு தள்ளி நில், விளக்குமாற்றைத் தொடாதே. மிச்சம் பாதியையும் சீவி முடித்துவிடுவேன். பிட் பறித்த அந்தப் பள்ளம் வளைந்துதானே இருக்கிறது, அதையே தண்டாக வைத்து ஒரு கொடியை இழுத்துவிடப் போகிறேன். இரு பக்கமும் சின்னச் சின்ன இலைக்குழிகள் எடுத்து, வெள்ளை ரப்பர் மரத்தைப் பதித்துவிட்டால், அங்கே ஒரு விபத்து நடந்தது என்று நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது இந்தக் குழுவுக்கும் தெரியும், அது உன் பாடு. இந்த முறை முதலிலேயே உன் அத்தையிடம் கேட்டுவிட்டேன், கொடியின் மேல் உட்காரலாமா என்று. "கொடிதானே அண்ணி, தாராளமா உக்காரட்டும்" என்றாள்.

நீ பார்த்து வைத்த அந்த வாடகை மணைக்காரருக்கு நேற்றே போன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மண்டபத்திலும் சோபா வேண்டாம் என்றாகிவிட்டது. இருப்பது இந்த ஒரு பலகைதான், ஒரு பக்கம் விளக்குக் குழி, இன்னொரு பக்கம் நீ இறுக்காமல் விட்ட பிட் பறித்த பள்ளம். முகூர்த்தத்தன்று மாப்பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வந்து மணையில் உட்கார வைக்க வேண்டியவன் பெண்ணின் அண்ணன், அதாவது நீ. ரவுட்டர் வராவிட்டால் எந்தப் பக்கத்தில் உட்கார வைப்பது என்று அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் நீயே யோசித்துக்கொள். வந்துவிட்டால் நீ யோசிக்க ஒன்றும் இல்லை. அவர் கையைப் பிடிக்கும்போது உன் கை நடுங்காமல் பார்த்துக்கொள், என் கையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கப்போகும்,
உன் அம்மா